பொரிப்பூ நடந்து வந்த ஊர்

வேரோடு எழுந்து, ஒட்டியிருந்த மண்ணை உதறிக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டைத் தேடி நடந்து போகிற செடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லை என்றால் கல்லாங்கொம்பைப் பக்கம் போனதில்லை என்று அர்த்தம். அந்த மலையூரில் இதைச் சொன்னால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். வந்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியது யார், ஊற்றாமல் கதவைச் சாத்திக்கொண்டது யார் என்பதில்தான் இன்றைக்கும் சண்டை போடுவார்கள்.

கல்லாங்கொம்பையில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு. இரண்டு தெருவிலும் வாசலோரம், வேலியோரம், பாறை இடுக்கு, கோயில் படிக்கட்டு என்று ஓர் இடம் விடாமல் ஒரு காட்டுச்செடி பூத்துக் கிடக்கும், சுற்றிலும் ஊதா இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு, பார்ப்பதற்குக் கல் வைத்த கம்மல் மாதிரி, அதனால் அதற்குக் கம்மல்பூ என்று பேர். அதுதான் அந்த ஊர் வகையறாவின் பூ. அந்த மலைத்தொடரில் ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு பூ உண்டு, ஒன்றுக்குத் தும்பை, ஒன்றுக்கு ஆவாரை, மேகமடுவு என்கிற ஊருக்குப் பொரி சிதறியது போல வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கிற பொரிப்பூ. பெண் கேட்டு வந்தால் அங்கே ஜாதகம் பார்ப்பதில்லை, இரண்டு வீட்டுப் பூவையும் ஒரே தாம்பாளத்தில் வைப்பார்கள். பூ வேறு வேறாக இருந்தால் மாமன் மச்சான் முறை, பாக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே பூவாக இருந்தால் பங்காளி, பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை, தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட்டு, போட்டு வைத்த காப்பியைக் குடித்துவிட்டு, வந்தவர்கள் கிளம்ப வேண்டியதுதான்.

அமராவதி மேகமடுவிலிருந்து பொரிப்பூவோடு வந்து மேலத்தெருச் சடையப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். இடுப்பில் எப்போதும் தாரணி என்கிற இரண்டு வயசுப் பெண்குழந்தை, ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் களி கிண்டுவாள், கிண்டிக்கொண்டே சிரிப்பாள், சிரித்துக்கொண்டே மாமியார் காத்தாயிக்கு ஒரு பதிலும் சொல்லிவிடுவாள். காத்தாயிக்கு மருமகளைப் பற்றி ஆயிரம் குறை, ஆனால் மருமகள் வைக்கிற ரசத்தைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. அந்த வீட்டில் அமராவதிக்கு உயிர் என்றால் நாத்தனார் வளர்மதிதான். தண்ணீருக்குப் போனாலும் இரண்டு பேர், விறகுக்குப் போனாலும் இரண்டு பேர், ஒருத்திக்கு முள் குத்தினால் மற்றவள்தான் முதலில் ஐயோ என்பாள்.

அந்த வளர்மதிக்குக் கீழத்தெருவில் ஜீப் ஓட்டுகிற லோகநாதன் மேல் ஆசை. லோகநாதனுக்கு அவள் மேல் அதைவிட ஆசை, மேலத்தெரு திரும்பும்போது மட்டும் அவன் ஜீப் எப்படியோ நின்றுபோகும், இறங்கி மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஊர் முழுக்க அவர்களை அண்ணன் தங்கை என்றது. அந்த இரண்டு பேருக்கு மட்டும் அப்படித் தோன்றவே இல்லை. ஒரே பூவாயிற்றே, என்ன செய்வது? காத்தாயி மூன்று மலை தாண்டித் தும்பைப்பூ ஊரில் மிளகுத்தோட்டம் வைத்திருக்கிற ஒரு மாப்பிள்ளை பார்த்து, தை பிறந்ததும் தாம்பாளம் வைப்பதாகப் பேசியும் முடித்துவிட்டாள். பெண் பார்க்க வந்த அந்த மனுஷன் வளர்மதியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, கட்டுத்தறியில் நின்ற எருமையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார், அதை எருமைக்குச் சொன்னாரா பெண்ணுக்குச் சொன்னாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

வளர்மதி ஓடைக்கரையில் துணி அலசிக்கொண்டே அழுதாள். அங்கே போனால் வாய்விட்டுப் பேச எருமையைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள் அண்ணி என்றாள். அமராவதி பாவாடையை முறுக்கிப் பிழிந்தபடி, தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்றாள். பார்ப்பதற்கு அவளிடம் அப்போது ஒன்றும் இல்லை, சும்மா தைரியத்துக்குச் சொன்னதுதான்.

மார்கழிப் பனியில் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார் ஹெப்சிபா டீச்சர். கீழே நகரத்துக் கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவர், தலையில் தொப்பி, கழுத்தில் ஒரு லென்ஸ், காலில் ஆம்பிளைச் செருப்பு. கம்மல்பூவைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். இதைப் பார்க்க ஒரு ஜீப்பா என்று ஊர் சிரித்தது, ஆனாலும் சடையப்பன் வீட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் வாசலில் குந்தி உட்கார்ந்து பூவைப் பிய்ப்பார், லென்ஸில் பார்ப்பார், தனக்குத்தானே சரி சரி என்பார். அமராவதி காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள்.

ஒருநாள் டீச்சர் தாரணியின் உள்ளங்கையில் ஒரு பூவை வைத்து, இது ஒரு பூ இல்லை பாப்பா என்றார். ஊதாவாக இருக்கிற ஒவ்வொரு இதழும் தனிப் பூ, நடுவில் இருக்கிற மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் தனிப் பூ, இத்தனை பூவும் ஒரே தட்டில் நெருக்கிப்பிடித்து உட்கார்ந்துகொண்டு ஊருக்கு முன்னால் ஒரே பூ மாதிரி வேஷம் போடுகிறது என்றார். எங்கள் ஊரும் அப்படித்தான் டீச்சர், வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றுமையாகத் தெரியும் என்றாள் அமராவதி. டீச்சருக்குச் சிரிப்பில் காப்பி புரையேறியது.

அதற்குப் பிறகு டீச்சர் அவளிடம் நிறையப் பேசினார். ஆஸ்டர் என்று ஒரு பேரினம், அந்தப் பேருக்கு நட்சத்திரம் என்று அர்த்தமாம். நட்சத்திரம் மாதிரி இருக்கிற காட்டுப்பூவை எல்லாம் அந்தக் காலத்தில் ஆளாளுக்குக் கொண்டுவந்து அந்த ஒரே மூட்டைக்குள் திணித்துவிட்டார்கள். இப்போதுதான் மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, விதையின் உச்சியில் இருக்கிற குடுமியைப் பார்த்து, குடுமி ஒற்றை வரிசையா இரட்டை வரிசையா, விதையில் மயிர் உண்டா இல்லையா என்று பார்த்து, உண்மையான சொந்தம் எது என்று பிரித்து அடுக்குகிறார்கள். ஒரே வேலியில் தோளோடு தோள் நிற்கிற இரண்டு செடி சொந்தமே இல்லாமல் போவதும் உண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது கூடப்பிறந்ததாக ஆவதும் உண்டு. டீச்சர் பேரினம் என்றார், அமராவதி அதை வகையறா என்று எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கொண்ட அந்த நிமிஷமே அவள் தலைக்குள் விளக்கு எரிந்தது.

மேலத்தெருக் கம்மல்பூவும் கீழத்தெருக் கம்மல்பூவும் வேறு வேறு வகையறா என்று டீச்சர் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், வளர்மதிக்கு லோகநாதன் மச்சானாகிவிடுவான். அவள் இரண்டு தெருவிலிருந்தும் கை நிறையப் பூவும் விதையும் பறித்து வந்து தனித்தனி முறத்தில் வைத்தாள். கீழத்தெரு விதைகளின் குடுமியை மட்டும் கொஞ்சம் விளக்கெண்ணெய் தொட்டு வழித்துப் படிய வைத்தாள், வித்தியாசம் தெரியட்டுமே என்று. டீச்சர் லென்ஸை எடுத்த கையோடு மோந்து பார்த்துவிட்டு, இந்த ஊரில் பூகூட எண்ணெய் வைத்துத் தலை வாருமா என்று கேட்டார்.

அமராவதி அதற்கெல்லாம் அசருகிறவளா? வேறு வகையறா என்றால் எப்படி இருக்கும் என்று டீச்சருக்குக் காட்டலாம், அதோடு ஒப்பிட்டால் இரண்டு தெருவுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும் என்று நினைத்து, தாய் வீட்டுக்குச் சொல்லியனுப்பி ஒரு கூடை பொரிப்பூ வரவழைத்தாள். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். டீச்சர் பொரிப்பூ விதையை லென்ஸில் பார்த்தார், கம்மல்பூ விதையைப் பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார், காப்பி ஆறி ஏடு கட்டியது. கடைசியில் எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, வாசலில் நின்ற அத்தனை செடிக்கும் கேட்கிற மாதிரி நல்ல சத்தமாகச் சொன்னார்.

"மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒண்ணேதான் அமராவதி. அது மட்டும் இல்ல, நிறத்தப் பாத்து இத்தன நாள் ஏமாந்திருக்கோம். பொரிப்பூவும் கம்மல்பூவும் ஒரே பேரினம்."

அன்றைக்கு மத்தியானம், ஊர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், மேற்கு மேட்டில் வெள்ளையாய் ஏதோ அசைந்தது. ஆட்டு மந்தை என்றுதான் முதலில் நினைத்தார்கள். கிட்டே வந்ததும் பொரிப்பூச் செடிகள் என்று தெரிந்தது. வேரைப் பாவாடை மாதிரி லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல் முள் பார்த்துக் கால் வைத்து, அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி தங்களுக்குள் தலையை ஆட்டிக்கொண்டு மேகமடுவிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தன. ஓடையில் நின்று தண்ணீர் குடித்தன. எதிரே ஜீப்பில் வந்த லோகநாதன் எஞ்சினை அணைத்துவிட்டு, பெரியவை சின்னவை எல்லாம் கடந்து முடிகிறவரை ஹாரன் அடிக்காமல் காத்திருந்தான். ஊருக்குள் வந்ததும் ஆளுக்கொரு வாசலாய்ப் பிரிந்து, அங்கே இருந்த கம்மல்பூவுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு வேரை இறக்கி உட்கார்ந்தன. கம்மல்பூக்களும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன.

வருகிறதாக ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வாசலையாவது தெளித்து வைத்திருக்கலாமே என்று கீழத்தெருப் பெண்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். சிலர் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து வேரில் ஊற்றினார்கள். விருந்தாளியைக் கடிக்கக் கூடாது என்று ஆடுகளைக் கட்டிப்போட்டார்கள். வந்தவை எத்தனை நாள் தங்கும், துடைப்பம் பட்டால் கோபித்துக்கொள்ளுமா என்றெல்லாம் பேசி முடித்து, சாப்பாட்டுக்குத் திரும்பிச் சோற்றில் கை வைத்தபோதுதான் மணியகாரர் பொன்னுரங்கத்துக்கு, அந்த ஊர் வழக்குகளை எல்லாம் தீர்த்து வைக்கிறவருக்கு, பகீர் என்றது. கல்லாங்கொம்பையில் பாதி வீட்டு மருமகள்கள் மேகமடுவுக்காரிகள். பொரிப்பூவும் கம்மல்பூவும் ஒரே வகையறா என்றால் அவர்கள் எல்லாம் புருஷனுக்குத் தங்கச்சிகள்.

ரேஷன் கடை முன்னால் ஊரைக் கூட்டினார். பூ சொன்னால் சொன்னதுதான், வழி ஒன்று புலப்படுகிற வரைக்கும் அந்தந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அண்ணன் தங்கச்சியாக இருந்துகொள்ளுங்கள் என்றார். ஆண்கள் தலையைத் தொங்கப்போட்டார்கள். சடையப்பன் பாய் தலையணையோடு ஆட்டுக்கொட்டகைக்குக் குடிபோனான். வளர்மதி அமராவதியைக் கட்டிக்கொண்டு, எனக்காகப் போய் உன் வாழ்க்கையையும் கெடுத்துக்கிட்டியே அண்ணி என்று விசும்பினாள்.  அமராவதியும் ஒரு மூச்சு அழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைத்த முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. இனிமேல் என்னை அண்ணின்னு கூப்பிடாத, அக்கான்னு கூப்பிடு என்றாள்.

மறுநாள் காலை விடிந்து வெயில் ஏறியும் அமராவதி எழுந்திருக்கவில்லை. காத்தாயி வந்து அடுப்பு ஏன் இன்னும் எரியவில்லை என்று கேட்டாள். அமராவதி போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அம்மா, பசிக்குதும்மா. கேப்பைத் தோசை சுட்டுத் தாம்மா."

"யாருடி உனக்கு அம்மா?"

"அண்ணனைப் பெத்தவ அம்மாதானே. பொறந்த வீட்டுக்கு வந்த பொண்ணு எங்கயாச்சும் அடுப்பு ஊதுவாளா? தலைக்கு எண்ணெய் வேற வைக்கணும், ரொம்ப நாளாச்சு."

காத்தாயி மணியகாரரிடம் ஓடினாள். மணியகாரர் யோசித்துப் பார்த்து, நியாயம்தான், மகளை வேலை வாங்கினால் ஊர் தப்பாகப் பேசும் என்றார். அவ்வளவுதான், சேதி தெருத்தெருவாய்ப் பரவி, மேகமடுவுக்காரிகள் அத்தனை பேரும் அவரவர் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். இந்த ஊர் மாமியார்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள், விறகு பொறுக்கினார்கள், நெய் ஊற்றிப் பிசைந்து மகள்களுக்கு உருண்டை பிடித்துப் போட்டார்கள். மகள்கள் கூடி உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினார்கள், உப்புக் கொஞ்சம் கம்மி என்றார்கள். சடையப்பன் வயலிலிருந்து வந்தால் அமராவதி வாசலில் நின்று, அண்ணே, வர்றப்ப மருதாணி பறிச்சிட்டு வரச் சொன்னேனே என்பாள். தாரணி யார் சொல்லிக்கொடுத்தோ அப்பனை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தது. காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டுமே, அப்பனே தாய்மாமன் ஆகிவிட்டதால் சீரும் அவன்தான் செய்ய வேண்டும், மொய்யும் அவன்தான் வைக்க வேண்டும் என்று தெருவில் கேலி பண்ணினார்கள். அவன் கொட்டகையில் ஆடுகளிடம் போய்ப் புலம்பினான்.

இதில் ரொம்பக் கஷ்டப்பட்டது வேறு ஊர்களிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள்தான், ஏனென்றால் அவர்கள் மட்டும் இன்னும் மருமகளாகவே இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியாமல் முந்தானைக்குள் அவரவர் தாய் வீட்டுப் பூவை மறைத்துக்கொண்டுவந்து, இது எங்கேயாவது கம்மல்பூவுக்குச் சொந்தமாகுமா பாருங்க டீச்சர் என்று கெஞ்சினார்கள். தும்பைக்காரியிடம் தும்பை துளசிக்குச் சொந்தம் என்றார் டீச்சர். ஆவாரைக்காரியிடம் அது அவரைக்காய்க்குச் சொந்தம் என்றார். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மார்கழி முடியப் போகிறது என்கிறபோது ஊர் தாங்கவில்லை. மறுபடி ரேஷன் கடை முன்னால் கூட்டம். மணியகாரர் டீச்சரை வரவழைத்து, சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், செடிகள் அதுபாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடும் என்றார். டீச்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னதால அது ஒண்ணாகலைங்க. ஒண்ணா இருந்ததாலதான் நான் சொன்னேன். இன்னும் கேட்டா, பேரினத்துக்கு மேல குடும்பம்னு ஒண்ணு இருக்கு. அந்தக் கணக்குல பாத்தா கரிசலாங்கண்ணி, சூரியகாந்தி, அப்புறம்..."

அமராவதி எழுந்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மெதுவாகத்தான் கேட்டாள்.

"டீச்சர், சாமந்தியும் அதுல வருமா?"

கூட்டம் மணியகாரரைத் திரும்பிப் பார்த்தது. மணியகாரர் பெண்டாட்டி கீழ்நாட்டுக்காரி, அவள் தாய் வீட்டுப் பூ சாமந்தி. அவருக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது, கீழ்நாட்டுச் சாமந்திக் காடும் சூரியகாந்திக் காடும் மொத்தமாகக் கிளம்பிக் கொண்டை ஊசி வளைவில் ஏறி வருவது கண்ணெதிரே தெரிந்தது. சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள் டீச்சர் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் பெண்டாட்டி, சொல்லுங்க டீச்சர், எனக்கும் முட்டி வலிக்குது, நானும் கொஞ்ச நாள் உட்கார்ந்து சாப்பிடுறேன் என்றாள்.

மணியகாரர் துண்டை உதறித் தோளில் போட்டார். பூ பூவோட சொந்தத்தைப் பார்த்துக்கட்டும், மனுஷன் மனுஷனோட சொந்தத்தைப் பார்த்துக்கட்டும் என்றார். மூன்று தலைமுறைக்குள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை என்றால் போதும், இனிமேல் தாம்பாளத்தில் பாக்கு வெற்றிலை மட்டும் வைத்தால் போதும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பெண்டாட்டி பக்கம் திரும்பாமல் வேகமாக வீட்டுக்குப் போனார். புருஷன்மார் பாய் தலையணையை எடுக்க ஓடினார்கள். வீட்டுக்கு வீடு புகை எழுந்தது.

சடையப்பன் வீட்டில் மட்டும் எழவில்லை. அமராவதி சுவரில் சாய்ந்து காலை நீட்டி, தாரணியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வளர்மதி உட்கார்ந்திருந்தாள். காத்தாயி வாசலில் நின்று, ஊர்தான் சொல்லிவிட்டதே, எழுந்து போய் உலை வை என்றாள்.

"பூ பாக்கக் கூடாதுன்னுதானே ஊர் சொல்லியிருக்கு. எனக்குப் பாக்கக் கூடாதுன்னா வளர்மதிக்கும் பாக்கக் கூடாது. அவளுக்குப் பாப்பேன்னா எனக்கும் பாருங்க. பாதியை மட்டும் எடுத்துக்கிட்டுப் பாதியைத் தள்ள முடியாதும்மா."

 தும்பைப்பூக்காரருக்குக் கொடுத்த வாக்கு, அவர் மிளகுக்கொடிகள், அக்கம்பக்கத்துக்காரர்கள் பேசப்போகிற பேச்சு என்று ஒவ்வொன்றாய்க் காத்தாயி முகத்தில் வந்து போனது. மகளைப் பார்த்தாள். இத்தனை நாளும் குடம் சுமந்து சிவந்துபோன தன் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். அடுப்படிக்குப் போனாள், பானைக்குள் எட்டிப் பார்த்தாள், வெறுங்கையோடு திரும்பி வந்து மருமகள் எதிரே தரையில் சப்பென்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"அமராவதி," என்றாள், இத்தனை நாள் இல்லாத இறங்கிய குரலில், "கீழத்தெருவுக்குப் போய் அந்த ஜீப்புக்காரன் வீட்டுல, நாளைக்கு வந்து நம்ம புள்ளையைப் பொண்ணு கேக்கச் சொல்லிட்டு வாடி. அப்படியே வர்ற வழியில ரெண்டு குடம் தண்ணி எடுத்துட்டு வந்துரு தாயே."